காவலரணைக் கடப்போரும் காவலரணருகே வாழ்வோரும்: இராணுவ ஆக்கிரமிப்பின் அன்றாடம் பற்றிய தமிழ் எழுத்துகள், ஆவடி வட்டார வாசிப்பில்

ஆய்வுச் சுருக்கம்

அயற்படையின் ஆட்சிக்கு உட்பட்ட மக்களின் அன்றாட வாழ்வைப் பயணியாகச் சென்று எழுதுவோரும் உள்ளிருந்து எழுதுவோரும் வெவ்வேறு காட்சிகளைக் காண்கின்றனர். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வரின் ‘முறிந்த பனை’, போருக்குப் பிந்தைய வடஇலங்கைப் பயண எழுத்துகள் ஆகியவற்றை முன்வைத்து இவ்வேறுபாடு ஆராயப்படுகிறது. இராணுவ நிறுவனங்கள் சூழ்ந்த சென்னையின் மேற்குப் புறநகர் வாசகர் இவ்வெழுத்துகளை எந்நிலையில் நின்று வாசிக்கிறார் என்பதும் வினவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆக்கிரமிப்பு, அன்றாடம், பயண எழுத்து, ஈழ இலக்கியம், வாசக நிலை, சிறப்பு முகாம்.

முன்னுரை

திபெத்துக்குச் சென்று திரும்பிய பயணிகளின் குறிப்புகளை வாசிப்போர் ஒரு முரணை எளிதில் உணர்வர். 1950இல் சீனப் படை நுழைந்த நிலம் அது. 1959 மார்ச்சில் லாசா எழுச்சி ஒடுக்கப்பட்டு, தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அத்தகைய நிலத்துக்குச் செல்லும் வெளிநாட்டவர் தனி அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இன்றி நுழைய இயலாது. அவர் காண்பது காட்டப்படுவதையே. ஆயினும் நல்ல பயணி, காட்டப்படாத ஒன்றையும் கண்டு வருகிறார். கோயிலை வலம்வரும் கிழவி காவலரைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்வதும், தேநீர்க் கடையில் ஓர் ஆள் வந்து அமர்ந்ததும் பேச்சு வானிலைக்கு மாறுவதும் அவர் குறிப்பேட்டில் ஏறுகின்றன. பெருநிகழ்ச்சியை நாளிதழ் எழுதிவிடும். தலை திரும்பும் அந்தக் கணத்தை எழுதப் பயணி வேண்டியிருக்கிறது.

அந்தக் கணத்தின் பொருளை அவர் முழுமையாக அறிவாரா என்பது வேறு வினா. அவர் ஒருமுறை கடக்கும் காவலரணை அங்குள்ளவர் நாளுக்கு நான்கு முறை கடக்கிறார். முதன்முறை கடப்பவருக்கு அச்சமும் வியப்பும் எழுகின்றன. நான்காயிரமாவது முறை கடப்பவருக்குச் சலிப்பே மிஞ்சுகிறது. ஆக்கிரமிப்பின் உண்மையான ஆழம் இவ்விரண்டில் எதில் புலப்படுகிறது என்பதே இங்கு ஆராய்வுக்குரியது. தமிழில் இவ்வினாவுக்கு விடைதேடப் போதிய எழுத்துகள் உள்ளன. எனினும் அவை பெரும்பாலும் ‘போர் இலக்கியம்’ என்னும் ஒரே பெட்டிக்குள் இடப்பட்டு, குண்டும் குருதியும் உள்ள பக்கங்களுக்காகவே மேற்கோளாக்கப்பட்டு வந்துள்ளன.

ஆவடி வட்டாரமும் வாசக நிலையும்

எந்தப் பிரதியும் வெற்றிடத்தில் வாசிக்கப்படுவதில்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் வகுப்பறையில் ஈழ இலக்கியம் பாடமாகும்போது, சன்னலுக்கு வெளியே இருப்பது என்ன? 1960களின் தொடக்கத்தில் நிறுவப்பெற்று, 1965இல் முதல் ‘விஜயந்தா’ பீரங்கி வண்டியை வெளியிட்ட கனரக வாகனத் தொழிற்சாலை இங்குள்ளது. போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், படைவீரர் சீருடை தைக்கும் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய சேமக் காவற்படையின் முகாம் என நீளும் வரிசையும் இவ்வட்டாரத்துக்கே உரியது. ஆவடி என்னும் பெயரே இராணுவ நிறுவனங்களைச் சுட்டும் ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துச் சுருக்கம் என்று ஊரார் சொல்வதுண்டு. ஊர்ப்பெயராய்வு இவ்விளக்கத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் மக்கள் தம் ஊரின் பெயரையே படைத்துறைச் சுருக்கமாக விளங்கிக்கொள்ளத் துணிந்தமை, படை அங்கே எவ்வளவு இயல்பானதாகிவிட்டது என்பதற்குச் சான்றாகும்.

இவ்வட்டாரத்தில் சீருடையணிந்தவர் அயலார் அல்லர். அவர் பட்டாபிராமிலோ அண்ணனூரிலோ மின்தொடர்வண்டிக்குக் காத்து நிற்பவர். சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசுபவர். அவர் பிள்ளை பக்கத்து இருக்கையில் அமர்ந்து படிக்கிறது. தொழிற்சாலைச் சங்கு வீட்டின் கடிகாரமாகவும் இருந்திருக்கிறது. இத்தகைய வாசகரிடம் ‘ஆமி வருது’ என்னும் யாழ்ப்பாணத் தொடரைக் கொடுத்தால், சொற்பொருள் விளங்கும். அத்தொடர் கேட்டதும் வயிற்றில் எழும் நடுக்கம் விளங்காது. உரையாசிரியர் மரபில் சொல்வதாயின், இங்கே அருஞ்சொல் ஏதுமில்லை, அரும்பொருளே உண்டு.

இது வாசகரின் குறையன்று. ஆனால் இவ்விடைவெளியைக் கணக்கில் கொள்ளாத திறனாய்வு, ஈழத்து எழுத்தை இரங்கற்பாவாக மட்டுமே வாசிக்கும் பழக்கத்தைத் தமிழ்நாட்டில் வளர்த்துவிட்டது.

சிங்காரத்தின் மேடான்: வணிகரின் கண்

இராணுவ ஆக்கிரமிப்பின் அன்றாடத்தைத் தமிழ்ப் புனைகதை முதன்முதலில் கூர்ந்து நோக்கிய இடம் ஈழமன்று, சுமத்திரா. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம், 1938இல் வேலை தேடி மேடான் நகருக்குச் சென்றவர். 1946இல் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றியவர். 1972இல் நூலான ‘புயலிலே ஒரு தோணி’, 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைவதோடு தொடங்குகிறது. கொள்ளையிட்டோரின் தலைகள் வெட்டிக் காட்சிக்கு வைக்கப்படும் தொடக்கப் பகுதி பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஆனால் அந்நாவலின் தனித்தன்மை அத்தலைகளில் இல்லை. அவற்றைக் கண்டவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதில் உள்ளது. கடை திறக்கிறார்கள், எந்த நோட்டுச் செல்லும், எந்தச் சரக்குப் பதுக்கத்தக்கது, எந்த அதிகாரியை எவர் வழியே பார்ப்பது என்று கணக்கிடுகிறார்கள்.

சிங்காரத்தின் மாந்தர் இடைநிலையர். நிலம் இந்தோனேசியருடையது, ஆண்டவர் டச்சுக்காரர், வென்றவர் ஜப்பானியர். தமிழ் வட்டிக்கடைப் பணியாளர் இம்மூவரில் எவரும் அல்லர். ஆகவே ஆக்கிரமிப்பு அவருக்கு நாடிழந்த துயரமாக வரவில்லை. தொழிற்சூழலின் திடீர் மாற்றமாக வருகிறது. இந்தத் தற்செயலான விலக்கமே நாவலின் பெருவலிமை. உணர்ச்சிப் பெருக்கற்ற அக்கண் வழியாகத்தான் வணங்கத் தவறியவர் கன்னத்தில் விழும் அறையும், அறை வாங்கியவர் மறுநாள் அதே வழியில் செல்வதும் ஒரே தளத்தில் பதிவாக முடியும். மலாயாவில் வாழைமரப் படம் பொறித்த ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்ததும், சோற்றுக்கு மாற்றாக மரவள்ளிக்கிழங்கு வந்ததும் அக்காலத்தை அறிந்த தமிழ்க் குடும்பங்களில் கதைகளாக நிலைத்தவை. அவற்றை விளைவித்த பொருளாதார உறவுகளை நாவல் வடிவில் கண்டவர் சிங்காரம்.

இதன் எல்லையும் சுட்டப்பட வேண்டும். மேடானின் கடைத்தெருவை இவ்வளவு நுட்பமாகக் கண்ட நாவல், அதே ஆக்கிரமிப்பின் கீழ் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தோட்டத் தொழிலாளரின் உலகுக்குள் செல்லவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள் மாண்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களுக்கு ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற மலேசிய நாவல்கள் பின்னாளில் வர வேண்டியிருந்தது. விலகி நிற்கும் கண்ணுக்கு வாய்ப்பதெல்லாம் அது நிற்கும் வகுப்பின் தெருவே.

யாழ்ப்பாணம் 1987: வரவேற்ற கைகள்

1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதிப்படையாக வந்திறங்கிய இந்தியப் படையை யாழ்ப்பாண மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். செப்டம்பர் 26இல் திலீபன் உண்ணாநோன்பில் மாண்டார். அக்டோபர் 10இல் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் தொடங்கியது. அக்டோபர் 21, 22ஆம் நாள்களில், தீபாவளியை ஒட்டி, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாலைக்கும் தோட்டாவுக்கும் இடைப்பட்ட காலம் மூன்று மாதத்துக்கும் குறைவு.

இக்காலத்தைப் பதிவு செய்த நூல்களுள் தலையாயது ‘முறிந்த பனை’. ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. சிறீதரன், ராஜனி திராணகம ஆகிய நால்வரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள். கணிதமும் மருத்துவமும் கற்பித்தவர்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்நூல் வெளிவருமுன்னரே, 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பிய ராஜனி சுட்டுக் கொல்லப்பட்டார். நூலின் விதியே அதன் பொருளுக்கு உரையாக அமைந்தது.

பயண எழுத்தோடு ஒப்பிடுகையில் இந்நூலின் வேறுபாடு முறையியல் சார்ந்தது. பயணி தான் கண்டதை எழுதுகிறார். இவர்கள் அண்டை வீட்டார் கண்டதைக் கேட்டு, ஒப்பிட்டு, நாளும் இடமும் குறித்து எழுதுகின்றனர். இந்தியப் படை, இலங்கை அரசு, புலிகள், பிற இயக்கங்கள் ஆகிய எத்தரப்பையும் விட்டுவைக்காத அதன் கண்டிப்பு, நடுநிலை என்னும் வெற்று நற்பண்பிலிருந்து பிறந்ததன்று. எல்லாத் தரப்பின் துப்பாக்கிக்கும் எட்டும் தூரத்தில் வாழ்ந்தவர்களுக்கு எந்தத் தரப்பையும் கற்பனையாகக் காண வசதியில்லை. பெண்களின் அனுபவம் குறித்த ராஜனியின் பகுதி, படையெடுப்பை வீட்டின் உட்புறத்திலிருந்து காண்கிறது. தேடுதலுக்கு வரும் சிப்பாயின் முன் கதவைத் திறப்பவர் யார், ஆண்மக்கள் மறைந்த வீட்டில் நாளை அரிசி வாங்குபவர் யார் என்ற வினாக்கள் அரசியல் வினாக்களாகவே அங்கு எழுகின்றன. தயா சோமசுந்தரத்தின் உளவியல் நோக்கும் இத்தகையதே. அச்சம் நாள்பட நோயாக மாறுவதை உளமருத்துவர் காண்கிறார். பயணி காண முடியாது, ஏனெனில் நாள்படுவதற்குள் அவர் விமானம் ஏறிவிடுகிறார்.

ஆவடி வாசகருக்கு இந்நூல் தரும் இடர் தனியானது. இங்கே ஆக்கிரமிப்பாளராக வருபவர் அவர் அண்டை வீட்டார். மதராஸ் படைப்பிரிவின் தமிழ் வீரர்களும் அப்படையில் இருந்தனர். டி-72 வகைப் பீரங்கி வண்டிகளை இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறக்கிய அதே 80களின் பிற்பகுதியில் அவ்வகை வண்டியின் உற்பத்தி ஆவடியில் நிலைகொண்டது. 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அப்போரில் மாண்டனர். அவர்தம் குடும்பங்களின் துயரும் மெய்யானது. 1990 மார்ச்சில் இறுதி அணி சென்னைத் துறைமுகம் வந்தபோது, அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்பில் கலந்துகொள்ளவில்லை. அரசியல் தளத்தில் அது வலுவான செய்கை. ஆனால் இலக்கியத் தளத்தில் அதற்கு இணையான செய்கை தமிழ்நாட்டில் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. தன் தெருவில் வாழும் படைவீரனையே பிறர் தெருவின் காவலரணில் நிற்பவனாகக் காட்டும் நாவல், தமிழ்நாட்டு எழுத்தின் முதன்மை மரபில் இடம்பெறவில்லை. மறதி என்று இதனைச் சொல்வது எளிது. ‘நம்மவர்’ என்னும் சொல் இருபுறமும் பொருந்தியதால் நேர்ந்த வாய்ப்பூட்டு என்பதே பொருத்தமாகும்.

சொற்களில் படிந்த ஆக்கிரமிப்பு

புனைகதையும் ஆவணமும் தவறவிட்டதைச் சில வேளைகளில் பேச்சுவழக்கு காத்து வைக்கிறது. யாழ்ப்பாணத்து, வன்னித் தமிழில் போர்க்காலம் விட்டுச்சென்ற சொற்கள் தனி அகராதியாகத் தொகுக்கத்தக்கவை. காவலரண் ‘சென்றி’யாயிற்று, அடையாள அட்டை ‘ஐசி’யாயிற்று. ஊரைச் சூழ்ந்து ஆள்களைத் திடலில் அமர்த்துவது ‘சுற்றிவளைப்பு’. முகம் மறைத்த ஒருவன் வரிசையில் வருவோரைக் கண்டு தலையசைத்தால், அசைக்கப்பட்டவர் கொண்டுசெல்லப்படுவார், அவன் ‘தலையாட்டி’. தாழ்ந்து வந்து குண்டிடும் பெருத்த விமானம் ‘சகடை’. ஆளில்லா வேவு விமானம் ‘வண்டு’.

இச்சொற்களில் இருவகை உண்டு. அயற்சொல்லை அப்படியே நாவுக்கு ஏற்றவை ஒருவகை. பழகிய தமிழ்ச் சொல்லுக்குப் புதிய அச்சத்தை ஏற்றியவை மற்றொருவகை. இரண்டாம் வகையே ஆராய்ச்சிக்கு வளமானது. தலையாட்டி என்றால் தமிழ்நாட்டு வாசகர் நினைவுக்குத் தஞ்சாவூர்ப் பொம்மை வரும். எதற்கும் இணங்கிப் போகிறவர் மீதான ஏளனமும் வரும். யாழ்ப்பாணத்தில் அதே சொல் ஓர் இளைஞனின் உயிரைத் தீர்மானித்தது. வண்டு பூவில் மொய்ப்பதைச் சங்கப்பாடலில் படித்த மாணவி, அதே பெயரிட்ட ஒலி தலைக்கு மேல் நின்றபடி பதுங்குகுழியில் தேர்வுக்குப் படித்தாள். இயந்திரத்துக்கு வீட்டுப்பெயர் சூட்டுவது அச்சத்தை அடக்கும் வழி. அதனோடு குடியிருக்க ஒப்புக்கொண்ட வழியும்கூட. இந்த இருமையைத் தீபச்செல்வன் போன்ற வன்னித் தலைமுறைக் கவிஞர்களின் மொழியில் காணலாம். 2008இல் வந்த அவரது தொகுதியின் தலைப்பே ‘பதுங்குகுழியில் பிறந்த குழந்தை’. பிறப்பும் பதுங்குகுழியும் ஒரே தொடரில் இடையூறின்றி அமர்ந்துவிட்டன.

தமிழ்நாட்டுப் பதிப்புகள் இத்தகைய சொற்களுக்கு அடிக்குறிப்பில் ஒருசொல் விளக்கம் தந்து கடந்துவிடுகின்றன. ‘சென்றி – சோதனைச்சாவடி’ என்று எழுதுவது பிழையன்று, போதாது. சோதனைச்சாவடி என்பது ஆவடி வாசகருக்கு நெடுஞ்சாலையில் லாரி நிற்கும் இடம்.

ஏ-9 வழிப் பயணி

2009 மே மாதத்துக்குப் பின் ஏ-9 நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிய பயணம் பெருகியது. தென்னிலங்கையினர் பேருந்துகளில் வந்தனர், புலம்பெயர்ந்தோர் வந்தனர், தமிழ்நாட்டிலிருந்து எழுத்தாளர்களும் வந்தனர். கிளிநொச்சியில் வீழ்த்தப்பட்ட நீர்த்தாங்கி காட்சிப்பொருளாகப் பேணப்பட்டது. அதே நகரில், குண்டு துளைத்த பெருங்கற்கட்டியின் உச்சியில் தாமரை மலரும் வெற்றிச்சின்னம் எழுந்தது. காங்கேசன்துறையில், மக்கள் தம் நிலத்துக்குத் திரும்ப இயலாதிருந்த உயர் பாதுகாப்பு வலயத்தினுள், இராணுவமே கடற்கரை விடுதி நடத்தியது. வழியோரச் சிற்றுண்டிச்சாலைகள் பலவற்றிலும் தேநீர் கொடுத்தவர் சிப்பாய்.

இந்தச் சிப்பாய் பண்பானவர். பயணக்குறிப்புகள் மீண்டும் மீண்டும் தடுக்கி விழுமிடம் இது. சிரித்த முகமும் தூய கழிப்பறையும் நியாயமான விலையும் கண்ட பயணி, ‘நிலைமை சீராகிவிட்டது’ என்று எழுதுகிறார். அல்லது அப்படி எழுத மனமின்றி, அவர் சிரிப்பில் ஏதோ கொடுமை ஒளிந்திருந்ததாகக் கற்பிக்கிறார். இரண்டும் சிப்பாயின் முகத்தையே பார்க்கின்றன. அவர் நிற்கும் நிலம் எவருடையது, அக்கடைக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த கைம்பெண்ணின் வணிகம் என்னாயிற்று என்பவை பார்வைக்கு வெளியே நிற்கின்றன. 2017இல் கேப்பாப்பிலவு மக்கள், பெரும்பாலும் பெண்கள், தம் காணிகளைக் கேட்டுப் படைமுகாமின் வாயிலில் தொடர்ந்து அமர்ந்தபோது, அவர்கள் கேட்டது சிப்பாயின் நற்பண்பையன்று, கிணற்றையும் தென்னையையும். ஆக்கிரமிப்பு என்பது நடத்தை சார்ந்ததன்று, உடைமை சார்ந்தது என்ற தெளிவை அவர்கள் பயணிகளைக் காட்டிலும் சுருங்கச் சொன்னார்கள்.

லாசாவிலும் இதுவே நிகழ்கிறது. தெருமுனைதோறும் எழுந்த காவல் நிலையங்கள் அங்கே ‘வசதிக்கான’ நிலையங்கள் என்றே பெயர் பெற்றன. மிதிவண்டிக்குக் காற்றடிக்கவும் குடிநீர் பருகவும் அங்கு இடமுண்டு என்கிறது அரசு. உதவி பெறுபவரின் பெயரும் முகமும் அதே இடத்தில் பதிவாகின்றன என்பதை அங்கு வாழ்பவர் அறிவர். காற்றடித்துக்கொண்டு போகும் பயணி அறிய வேண்டிய தேவையில்லை.

இதனால் பயணியின் எழுத்து பயனற்றதென முடிவுகட்டுவது பொருந்தாது. உள்ளிருப்பவர் எழுத அஞ்சும் காலத்தில் வெளியிலிருந்து வருபவரே சாட்சி. மேலும் பழக்கம் உள்ளிருப்பவரின் கண்ணையும் மங்கச் செய்கிறது; நான்காயிரமாவது முறை கடந்தவர் காவலரணைத் தம் நாட்குறிப்பில் எழுத மறந்துவிடுகிறார். பயணியிடம் எதிர்பார்க்கத்தக்கது ஒன்றே: தன் வியப்பை அங்குள்ளவரின் சலிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை. சமந்த் சுப்பிரமணியன் ஆங்கிலத்தில் எழுதிய இலங்கைப் பயணநூல் (2014) பெரும்பகுதியும் உரையாடல்களைக் கேட்டமர்வதால் இப்பொறுமைக்கு அருகில் வருகிறது. தமிழில் வந்த குறிப்புகள் பல, கேட்பதற்கு முன்பே கண்ணீர் விட்டுவிடுகின்றன.

பூந்தமல்லி: பயணத்தின் மறுமுனை

இதுவரை பயணி என்ற சொல் இங்கிருந்து அங்கு செல்பவரையே குறித்தது. அங்கிருந்து இங்கு வந்தவரையும் அச்சொல் தழுவுமாயின், மேற்குப் புறநகரின் வாசக நிலை தலைகீழாகிறது. அம்பத்தூரை அடுத்த புழல் காவாங்கரையிலும் வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் ஈழத்து ஏதிலியர் பல்லாண்டுகளாக வாழ்கின்றனர். 2021இல் தமிழ்நாடு அரசு அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பூந்தமல்லியின் பெயரோ ஈழத்தமிழரிடையே வேறு காரணத்தால் அறியப்பட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்து 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கு மரணதண்டனை விதித்த தனி நீதிமன்றம் அங்கிருந்தது. வெளிநாட்டவர் சட்டம் 1946இன் கீழ், நீதிமன்றத் தண்டனை ஏதுமின்றியும் ஒருவரை அடைத்துவைக்க இடந்தந்த சிறப்பு முகாமும் அங்கே இயங்கியது.

சிறுவயதில் படகேறி வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்த தொ. பத்திநாதனின் ‘போரின் மறுபக்கம்’ (2007), இவ்வாழ்வை உள்ளிருந்து எழுதிய முன்னோடி நூல். அதனை அகதித் துயரின் ஆவணமாக மட்டுமே மதிப்புரைகள் வரவேற்றன. யாழ்ப்பாணக் காவலரண் எழுத்துகளுக்கு அருகில் வைத்து வாசிக்கும்போது அதன் கூர்மை வேறாகிறது. பதிவட்டை, தலைக்கணக்கு, வெளியூர் செல்ல அனுமதி, கணக்கெடுப்பு நாளில் இல்லாதவர் பெயர் நீக்கப்படும் அச்சம், கியூ பிரிவுக் காவலரின் வருகை ஆகியன எல்லாம் முகாம் வாழ்வின் அன்றாடம். இங்கே அயற்படை இல்லை. துப்பாக்கி நீட்டுபவர் இல்லை. அதிகாரி தமிழில் பேசுகிறார், பல வேளைகளில் பரிவோடும் பேசுகிறார். ஆயினும் ‘சென்றி’யில் ஐசியை நீட்டிப் பழகிய கைக்குப் பதிவட்டையை நீட்ட எவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டும் ஒன்று என்பதன்று வாதம். கொல்லும் அதிகாரத்தையும் எண்ணும் அதிகாரத்தையும் ஒன்றெனக் கொள்வது கொல்லப்பட்டோர்க்கு இழைக்கும் அநீதி. ஆனால் ஈழத்துக் காவலரண் பற்றிய கவிதைக்குத் தேர்வுத்தாளில் பொருள்நயம் எழுதும் மேற்குப் புறநகர் மாணவர், தம் பேருந்து நாள்தோறும் கடக்கும் பூந்தமல்லியில் மதிலுக்குள் இருந்தோர் விடுதலை கோரி உண்ணாநோன்பு இருந்ததை அறியாமலே தேர்ச்சி பெற்றுவிட முடிகிறது. பாடத்திட்டத்தில் கவிதை இருக்கிறது, பத்திநாதன் இல்லை.